ஆறு மாதம் நியூ ஜெர்சியில்: சென்னை நம்பரை என்ன செய்வது?

குரோம்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மகளுக்குப் பிரசவம். அவரும் மனைவியும் நியூ ஜெர்சி போய் ஆறு மாதம் இருக்கப்போகிறார்கள். இருவரிடமும் இருப்பது ப்ரீபெய்டு நம்பர். மாதத்துக்கு 3,000 ரூபாயை ஒட்டி வரும் ரோமிங் பேக்கை இரண்டு பேருக்கும் ஆறு மாதம் போட்டால் 36,000 ரூபாய் ஆகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார். இதைவிடக் குறைவாக முடியுமா, போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடலாமா, பென்ஷன் கணக்குக்கு ஓடிபி வருமா என்பது கேள்வி.

முடியும். பாதிச் செலவில் தாராளமாக முடியும், கொஞ்சம் யோசித்துச் செய்தால் மூன்றில் ஒரு பங்கிலும் முடியும். போஸ்ட்பெய்டுக்கு மாறவே வேண்டாம். ஓடிபி வரும், ஆனால் அதற்கான வேலையை மீனம்பாக்கத்துக்குக் கிளம்பும் முன்பே இங்கே முடித்துவிட வேண்டும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மாட்டிக்கொள்வீர்கள். நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது அப்போது ஒன்றுக்கும் உதவவில்லை.

முதலில் ஒரு விஷயம். இப்படிக் கேட்கிறவர்கள் எல்லோரும் பேசும் செலவை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஐஎஸ்டி பூத்தில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே "சரி சரி, வச்சிடறேன்" என்று சொல்லிப் பழகிய தலைமுறை நாம். பேசும் செலவு என்றோ தீர்ந்துவிட்டது. வீட்டில் வைஃபை இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, பேத்தியைத் தொட்டிலோடு வீடியோவில் காட்டலாம், ஒரு பைசா ஆகாது. இன்று காசும் தலைவலியும் வேறு இடத்தில் இருக்கின்றன. வங்கி, ஆதார், பென்ஷன், கேஸ் புக்கிங், மின்கட்டணம் என்று நம்முடைய எல்லாப் பூட்டுக்கும் சாவி அந்தப் பத்து இலக்க நம்பர்தான். அது ஆறு மாதம் உயிரோடு இருக்க வேண்டும். அதில் எஸ்எம்எஸ் வர வேண்டும். அதே சமயம் அதில் காசு கரையவும் கூடாது. இதைச் சரிசெய்துவிட்டால் மீதியெல்லாம் சுலபம்.

அதனால் சென்னை நம்பரில் தொடங்குகிறேன்.

"மெயின் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் நம்பர் போகாது" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013இல் கொண்டுவந்த விதி அது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் ப்ரீபெய்டு நம்பரை ரத்து செய்யலாம், ஆனால் கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால் அதை எடுத்துக்கொண்டு மேலும் 30 நாள் நீட்டிக்க வேண்டும். இது நம்பர் வேறு யார் கைக்கும் போய்விடாமல் காப்பாற்றும். ஆனால் ரீசார்ஜின் வேலிடிட்டி முடிந்த சில நாட்களில் உள்வரும் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் நின்றுவிடும். நம்பர் உங்களுடையதுதான், ஓடிபி மட்டும் வராது. வீட்டுப் பத்திரம் கையில் இருந்தும் வாசல் பூட்டியிருப்பதுபோல.

ஆகவே வேலிடிட்டி உள்ள பேக் வேண்டும், அதில் டேட்டா வேண்டாம். 2024 டிசம்பரில் டிராய் ஒரு நல்ல காரியம் செய்தது. டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் கொண்ட பேக்குகளை எல்லா நிறுவனங்களும் தர வேண்டும், அவற்றின் வேலிடிட்டி 365 நாள் வரை போகலாம் என்று விதியைத் திருத்தியது. அதற்குப் பிறகு வந்த பேக்குகளில் 84 நாளுக்கு 450 ரூபாயைச் சுற்றியும், ஒரு வருடத்தை ஒட்டிய வேலிடிட்டிக்கு 1,750 முதல் 1,850 ரூபாய் வரையும் விலை வைத்தார்கள். விலை அடிக்கடி மாறும், கிளம்பும் வாரத்தில் செயலியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். 84 நாள் பேக்கை மூன்று முறை போடுவது சற்று மலிவாகத் தெரியும். என் யோசனை வருடப் பேக்தான். ஐந்தாவது மாதம், கைக்குழந்தை ராத்திரி முழுக்க அழுகிற வீட்டில், ரீசார்ஜ் தேதியை யார் நினைவில் வைத்துக்கொள்வது? செயலியில் இந்தப் பேக்குகள் கடைசியில் ஒளிந்திருக்கும். முதல் பக்கத்தில் தினசரி 2 ஜிபி பேக்குகள்தான் மினுக்கிக்கொண்டு நிற்கும், கொஞ்சம் கீழே தள்ளித் தேட வேண்டும்.

அடுத்தது ரோமிங். வேலிடிட்டி போட்டால் மட்டும் போதாது, அந்த நம்பரில் சர்வதேச ரோமிங் திறந்திருக்க வேண்டும். செயலியிலேயே அதற்கு ஒரு சுவிட்ச் இருக்கும். இல்லாவிட்டால் கம்பெனி ஷோரூமில் கேளுங்கள், தெருமுனை ரீசார்ஜ் கடையில் வேண்டாம். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "நான் ரோமிங் பேக் எதுவும் போடாமல் அமெரிக்காவில் இருந்தால், உள்வரும் எஸ்எம்எஸ் வருமா?" பெரும்பாலும் வரும், உள்வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் காசும் கிடையாது. சில இடங்களில், ஒரு சின்ன ரோமிங் பேக்காவது போட்டால்தான் நெட்வொர்க்கே பிடிக்கும் என்பார்கள். அப்படியானால் இருப்பதிலேயே சிறியதை ஒரு முறை போட்டுக்கொள்ளுங்கள்.

உள்வரும் அழைப்பு அப்படியல்ல. 1995இல் சென்னையில் ஸ்கைசெல்லும் ஆர்பிஜியும் செல்போன் சேவை தொடங்கிய காலத்தில் அழைக்கிறவருக்கும் காசு, எடுக்கிறவருக்கும் காசு. நம்பரைப் பார்த்துவிட்டுக் கட் செய்து, பக்கத்துக் கடை போனிலிருந்து கூப்பிடுவோம். உள்ளூரில் 2003இல் அது ஒழிந்தது. ரோமிங்கில் அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. அங்கே இருக்கும்போது சென்னை நம்பருக்கு யார் கூப்பிட்டாலும் எடுக்காதீர்கள். கிரெடிட் கார்டு விற்கிற பெண் "சார், ரெண்டு நிமிஷம் பேசலாமா" என்று கேட்பாள், அந்த இரண்டு நிமிடத்துக்கும் நீங்கள்தான் கொடுப்பீர்கள்.

எடுக்காவிட்டாலும் ஒரு வழியில் காசு போகலாம். அழைப்பு அமெரிக்கா வரைக்கும் வந்து, நீங்கள் எடுக்காததால் வாய்ஸ்மெயிலுக்கோ வேறு நம்பருக்கோ திருப்பிவிடப்பட்டால், வந்ததற்கும் போனதற்கும் சேர்த்துக் கட்டணம் விழும். கிளம்பும் முன் ##002# என்று டயல் செய்யுங்கள். எல்லாக் கால் ஃபார்வர்டிங்கும் ரத்தாகும்.

இந்த இடத்தில்தான் ப்ரீபெய்டின் அருமை தெரியும். மெயின் பேலன்ஸில் காசு இல்லையென்றால் எடுப்பதற்கும் ஒன்றும் இல்லை. தவறுதலாக எதை அமுக்கினாலும் அதிகபட்சம் அங்கே இருக்கிற ஐம்பது ரூபாய் போகும். போஸ்ட்பெய்டு அப்படி இல்லை, அது வாய் திறந்த பை. 2016இல் நான் முதல் முறை போனபோது போஸ்ட்பெய்டு வைத்திருந்தேன். ஃபிராங்க்பர்ட்டில் மூன்று மணி நேரக் காத்திருப்பு. போன் சட்டைப்பையில்தான் இருந்தது, நான் தொடவே இல்லை. சென்னையில் எடுத்த வழியனுப்பு விழாப் படங்களையெல்லாம் அது தானாகவே மேலே ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அடுத்த மாத பில்லில் அந்த மூன்று மணி நேரத்துக்கு மட்டும் 11,000 ரூபாய்க்கு மேல். பில்லை வரிவரியாகப் படித்துக் காட்டினேன், சண்டை போட்டேன், கட்டவும் கட்டினேன். டேட்டா ரோமிங் என்ற சுவிட்சை அன்றிலிருந்து நான் கேஸ் அடுப்பு மாதிரி இரண்டு முறை பார்ப்பேன்.

விமானத்துக்குள்ளும் இதே கதை உண்டு. சில விமானங்களில் செயற்கைக்கோள் வழியாக ஒரு குட்டி மொபைல் நெட்வொர்க் ஓடும், உங்கள் போனைப் பொறுத்தவரை அது இன்னொரு வெளிநாடு. ஃப்ளைட் மோடு போடச் சொல்வதைப் பணிப்பெண்ணுக்காகச் செய்யாவிட்டாலும் பர்ஸுக்காகச் செய்யுங்கள்.

சரி, சிம்மை எங்கே வைப்பது? நம் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. சென்னை சிம்மைப் பழைய பட்டன் போனில் போட்டு மைத்துனர் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கொடுத்துவிட்டுப் போவது. ஓடிபி வந்தால் வாட்ஸ்அப்பில் படித்துச் சொல்வார்கள். என் இரண்டாவது பயணத்தில் நானும் இதைத்தான் செய்தேன். டெபாசிட் ஒன்றைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அங்கே இரவு ஒன்றரை மணி, இங்கே பகல் பன்னிரண்டு. மைத்துனர் போனைக் கையில் எடுத்து, கண்ணாடியைத் தேடி, "நாலு... ஏழு... இல்ல, அது ஒண்ணு" என்று படிப்பதற்குள் மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. மூன்று முறை முயன்றதும் கணக்கை 24 மணி நேரத்துக்குப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. அவர் என்ன செய்வார் பாவம். இதில் பாதுகாப்பு என்ற கேள்வியும் இருக்கிறது. நம்பிக்கையான ஆளாகவே இருக்கட்டும், அந்த வீட்டில் வேலைக்கு வருகிறவர்கள், விருந்தாளிகள், பிள்ளைகள் என்று எத்தனை கைகளுக்கு எட்டும் இடத்தில் உங்கள் சேமிப்பின் சாவி கிடக்கிறது என்று யோசியுங்கள்.

எனவே சிம் உங்கள் போனுக்குள்ளேயே உங்களோடு வர வேண்டும். இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. வாட்ஸ்அப், டெலிகிராம் போன்ற செயலிகள் எந்த சிம்மில் பதிவாகியிருக்கின்றனவோ அந்த சிம் போனுக்குள் இருந்தால்தான் இயங்க வேண்டும் என்பது அதன் சாரம். சிம்மைக் கழற்றிவிட்டு வாட்ஸ்அப்பை மட்டும் வைஃபையில் ஓட்டுகிற பழைய வித்தையை நம்பி ஆறு மாதம் கிளம்புவது இனி சரியில்லை.

அதாவது, உங்களுக்குத் தேவை இரண்டு சிம் போடும் போன். ஒன்றில் சென்னை, மற்றதில் அமெரிக்கா. இன்று பத்தாயிரம் ரூபாய் போனில்கூட இரண்டு இடம் இருக்கிறது. போன் இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம், ஏற்கும் என்றால் இன்னும் நல்லது. சென்னை சிம் அதன் இடத்திலேயே இருக்கட்டும், அமெரிக்க நம்பரை இ-சிம்மாக ஏற்றிக்கொள்ளலாம், எதையும் கழற்ற வேண்டாம். கழற்றினால் என்ன ஆகும்? அதே இரண்டாவது பயணத்தில், பட்டன் போனுக்குப் போனது என் சிம், மனைவியின் சிம் அவள் போனிலேயே வந்தது. நியூவார்க் விமான நிலையத்தில் உட்கார்ந்து, ட்ரே ஊசி இல்லாமல், அவள் தோட்டின் தண்டை வைத்துக் குத்தித் திறந்தேன். ட்ரே துள்ளி வெளியே வந்தது. சுண்டுவிரல் நகத்தளவு சிம் தரைவிரிப்பில் விழுந்தது. அந்தத் தரைவிரிப்போ சாம்பலும் வெள்ளையுமாகப் பொடிப்பொடிக் கட்டம் போட்டது. இரண்டு பேரும் முட்டி போட்டுத் தடவியதைப் பார்த்து ஒரு காவலர் வந்து விசாரித்துவிட்டு, அவரும் டார்ச் அடித்துத் தேடினார். கிடைக்கவில்லை. மாற்று சிம் வேண்டுமானால் நேரில் வந்து அடையாளம் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும் வரை அவள் கணக்கைத் தொட முடியவில்லை.

சென்னை நம்பரையே இ-சிம்மாக மாற்றிக்கொள்ள நினைத்தால் அதைக் குறைந்தது ஒரு வாரம் முன்னால் செய்துவிடுங்கள். சிம் மாற்றிய 24 மணி நேரத்துக்கு அந்த நம்பரில் எஸ்எம்எஸ் வரவும் செய்யாது, போகவும் செய்யாது. மோசடியைத் தடுக்க வைத்த விதி. கிளம்பும் நாளன்று மாற்றினால் அந்த 24 மணி நேரம் உங்கள் பயணத்திலேயே போய்விடும்.

இன்னொன்று, மாப்பிள்ளை அங்கே புது ஐபோன் வாங்கித் தருவார். சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் சென்னை சிம்மை அதற்கு மாற்றப் பார்க்காதீர்கள். முதல் காரணம், 2022இல் வந்த ஐபோன் 14 தொடங்கி அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் போட ட்ரேயே கிடையாது, இ-சிம் மட்டும்தான். இரண்டாவது காரணம் யூபிஐ. ஜிபேயோ போன்பேயோ புதுப் போனில் ஏற்றும்போது, உங்கள் சிம்மிலிருந்து அது ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி, இந்த நம்பர் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று உறுதி செய்யும். ரோமிங்கில் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு உண்டு, மெயின் பேலன்ஸ் வேண்டும், அப்படியும் பல சமயம் போய்ச் சேராது. வங்கிச் செயலிகளும் இதே ரகம்தான். பழைய போனில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை அங்கே வைஃபையில் நன்றாகவே ஓடும், நியூ ஜெர்சியில் உட்கார்ந்து குரோம்பேட்டை வீட்டு மின்கட்டணம் கட்டலாம். அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவதுதான் கூடாது. "போன் ஸ்லோவா இருக்கு தாத்தா, ரீசெட் பண்ணித் தரேன்" என்று பேரன் யாராவது வந்தால் போனை ஒளித்து வையுங்கள்.

ஓடிபி எஸ்எம்எஸ்ஸை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதும் இல்லை. பல வங்கிகள் மின்னஞ்சலுக்கும் ஓடிபி அனுப்புகின்றன, உங்கள் மின்னஞ்சல் முகவரி கணக்கில் பதிவாகியிருக்கிறதா என்று கிளையில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஸ்டேட் பாங்க் வாடிக்கையாளர் என்றால் எஸ்பிஐ செக்யூர் ஓடிபி என்று ஒரு செயலி இருக்கிறது, எஸ்எம்எஸ் இல்லாமலே போனுக்குள் ஓடிபி உருவாகும். அதைப் பதிவு செய்ய சிம் இங்கே உள்ளூர் நெட்வொர்க்கில் இருக்கும்போதே உட்கார்ந்து முடித்துவிட வேண்டும்.

அங்கே போனபிறகு ஓடிபி வரவில்லை என்றால் பதறாதீர்கள். ஃப்ளைட் மோடைப் போட்டு ஒரு நிமிடம் கழித்து எடுங்கள். அப்படியும் வராவிட்டால் அமைப்புகளில் போய், தானாக நெட்வொர்க் தேர்ந்தெடுப்பதை நிறுத்திவிட்டு, கையால் ஏடி அண்ட் டி அல்லது டி-மொபைல் என்று மாற்றிப் பாருங்கள். ஒன்றில் வராத எஸ்எம்எஸ் மற்றதில் நான்கைந்தாக வந்து கொட்டும். எனக்கு அப்படி இரண்டு முறை நடந்திருக்கிறது.

இனி அமெரிக்க நம்பர். இதில் சொல்ல அதிகம் இல்லை. அங்கே சொந்த டவர் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் மூன்று: வெரைசான், ஏடி அண்ட் டி, டி-மொபைல். இவர்களிடம் நேராகத் தனி நபராகப் போனால் விலை அதிகம். மகளோ மாப்பிள்ளையோ இவர்களில் ஒருவரிடம் குடும்பத் திட்டத்தில் இருந்தால் முதலில் அவர்களைத்தான் கேளுங்கள். லைன் கூடக் கூட ஒரு லைனுக்கான விலை இறங்கும், சில சமயம் உங்கள் இருவரையும் சேர்ப்பது அவர்களுக்குப் பெரிய செலவாகவே இருக்காது. மாப்பிள்ளையிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் மகளை விட்டுக் கேளுங்கள்.

அது ஒத்துவரவில்லை என்றால், பெரிய நிறுவனங்களின் டவரை வாடகைக்கு எடுத்து மலிவாக விற்கும் சின்ன நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. மின்ட் மொபைல், டெல்லோ, யுஎஸ் மொபைல், லைக்காமொபைல் என்று பெயர்கள். மின்ட் மொபைலில் புதிதாகச் சேர்கிறவருக்கு மாதம் 15 டாலர் கணக்கில் மூன்று மாதத்துக்கு 45 டாலர் என்று ஒரு திட்டம் வெகுநாளாக ஓடுகிறது. வரி தனி. மூன்று மாதம் முடிந்ததும் விலை ஏறும். அப்போது இன்னொரு சின்ன நிறுவனத்தின் புதுமுகச் சலுகைக்குத் தாவிவிடுங்கள். அந்த நம்பரை யாருக்கும் நீங்கள் கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்துக் கொடுக்கப் போவதில்லை.

இருவருக்கும் முழுத் திட்டம் தேவையா என்று ஒரு கேள்வி வரும். வீட்டில் வைஃபை இருக்கும். வெளியே போகும்போது பெரும்பாலும் இருவரும் சேர்ந்துதான் போவீர்கள், ஒருவர் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் மற்றவருக்கும் போதும். நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம். சென்னை நம்பர்கள் இரண்டுக்கும் சேர்த்து 3,700, அமெரிக்க சிம் ஒன்றுக்கு ஆறு மாதத்துக்கு 90 டாலரை ஒட்டி, அதாவது 8,000 ரூபாய்போல. மூன்றில் ஒரு பங்கு என்று மேலே சொன்னது இந்தக் கணக்கில்தான். ஆனால் உங்கள் மனைவி காலையில் தனியாக நடக்கப் போகிற பழக்கம் உள்ளவர் என்றால் அவருக்கும் ஒரு சிறிய திட்டம் போட்டுவிடுங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம். அங்கே எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருக்கும், எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும், வழி கேட்க ஒரு டீக்கடைகூட இருக்காது. அவசரத்துக்கு 911 மட்டும் சிம்மே இல்லாத போனிலிருந்தும் போகும், இதை இருவருமே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

சிம் வாங்கும் முன் உங்கள் போன் அங்கே வேலை செய்யுமா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2022 முடிவதற்குள் மூன்று பெரிய நிறுவனங்களும் 3ஜியை மூடிவிட்டன. 4ஜி வழியாகவே பேசும் வோல்ட்இ வசதி இல்லாத போனில் நெட் வரும், பேச்சு வராது. இந்தியாவில் விற்கும் போன்களுக்கு அதிகம் ஒத்துப்போவது டி-மொபைல் டவர்தான் என்பது என் அனுபவம். ஏடி அண்ட் டி தான் அங்கீகரித்த போன்களின் பட்டியலை வைத்திருக்கிறது, அதில் இல்லாத போனில் பேச்சு தகராறு செய்யும். *#06# அடித்தால் ஐஎம்இஐ எண், அதாவது உங்கள் போனுக்கே உரிய அடையாள எண் வரும். அதை நீங்கள் வாங்கப்போகும் நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தால் ஒத்துவருமா என்று அதுவே சொல்லிவிடும். மகளிடம் எண்ணை அனுப்பினால் இரண்டு நிமிட வேலை.

அங்கே இறங்கியதும் போனில் நான்கு அமைப்புகளைச் சரிபாருங்கள், இங்கேயே ஒரு முறை எங்கே இருக்கின்றன என்று தேடிப் பழகிக்கொள்வது நல்லது. டேட்டாவுக்கு அமெரிக்க சிம். சென்னை சிம்மில் டேட்டா ரோமிங் அணைந்திருக்க வேண்டும். ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் தானாக மற்றதன் டேட்டாவுக்குத் தாவும் வசதி என்று ஒன்று உண்டு, அதையும் அணையுங்கள், உதவி செய்கிறேன் என்று வந்து கழுத்தறுப்பது அதுதான். வெளியே போகும் அழைப்புக்கு எந்த சிம் என்பதில் அமெரிக்காவைத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப் திறந்ததும், சிம் மாறியிருக்கிறதே, நம்பரை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் சென்னை நம்பரிலேயே வாட்ஸ்அப் தொடரும், குடும்பக் குழுக்கள் எல்லாம் அப்படியே இருக்கும்.

ஊரில் வாட்ஸ்அப் இல்லாதவர்கள் இருப்பார்கள். என் அம்மா கடைசி வரை பட்டன் போன்தான். அப்படிப்பட்டவர்களை அழைக்க, இந்தியாவுக்கு அழைப்புகளையும் சேர்த்துத் தரும் திட்டமாகப் பார்த்து அமெரிக்க சிம்மை வாங்கலாம். இல்லாவிட்டால் கூகுள் வாய்ஸ். அதற்குப் பதிவு செய்ய ஓர் அமெரிக்க நம்பர் வேண்டும், இப்போது உங்களிடம் இருக்கிறது, சொற்பக் கட்டணத்தில் சாதாரண போனுக்கே அழைக்கலாம். ஸ்கைப்பைச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது.

விமான நிலையத்தில் விற்கும் சுற்றுலா சிம், செயலியில் வாங்கும் பயண இ-சிம் இவையெல்லாம் பத்து நாள் போகிறவர்களுக்கு. பயண இ-சிம்களில் பெரும்பாலானவற்றில் டேட்டா மட்டும்தான், பேச நம்பர் கிடையாது. ஆறு மாதத்துக்கு அது கட்டுப்படியாகாது.

நீங்கள் கேட்டது அமெரிக்கா என்பதால் அதையே விரிவாகச் சொன்னேன். வேறு நாட்டுக்குப் போகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்குக் கொஞ்சம். துபாய், அபுதாபி போகிறவர்களுக்கு மேலே சொன்னதில் ஒன்று பொருந்தாது: அங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது. அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளில்தான் பேச வேண்டும். இருக்கும் இடத்தை மறைத்துத் தடையைத் தாண்டும் விபிஎன் போட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விபிஎன்னைத் தவறாகப் பயன்படுத்தினால் அபராதம் 5 லட்சம் திர்ஹாமில்தான் ஆரம்பிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் முதல் ஒரு நாட்டு சிம் மற்ற நாடுகளிலும் கூடுதல் கட்டணம் இல்லாமல் வேலை செய்கிறது, ஜெர்மனியில் மகன் வீட்டிலிருந்து பாரிஸ் போனால் புது சிம் தேவையில்லை. சுவிட்சர்லாந்து அந்த ஒன்றியத்தில் இல்லை, ரயிலில் எல்லை தாண்டியதே தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. லண்டன் போகிறவர்கள் லைக்கா, லெபாரா என்ற இரண்டு பெயர்களை எல்லா மூலைக்கடையிலும் பார்ப்பார்கள். இரண்டுமே புலம்பெயர்ந்த ஈழத் தமிழர்கள் தொடங்கியவை. லெபாரா என்பது லியோன், பாஸ்கரன், ரதீசன் என்ற மூன்று நண்பர்களின் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்து வைத்த பெயர். ஊரை விட்டுப் போனவர்களுக்கு ஊரோடு பேசுவதற்கு எவ்வளவு செலவாகும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது, திரும்பி வரும்போது செய்யவேண்டியது. அமெரிக்க சிம்மை மகளின் கார்டில்தான் வாங்கியிருப்பீர்கள், தானாகப் புதுப்பிக்கும்படி அது வைக்கப்பட்டிருக்கும். கிளம்பும் வாரத்தில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். நாங்கள் போன தடவை மறந்துவிட்டோம், நங்கநல்லூரில் வந்து உட்கார்ந்த பிறகும் நான்கு மாதம் அந்த நம்பருக்கு மருமகள் காசு கட்டியிருக்கிறாள். சொல்லவும் இல்லை. மகன்தான் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னான்.